பிளஸ் டூ முடித்த பிள்ளை விடுமுறையில் வேலைக்குப் போக: எதை முதலில் செய்வது?

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும். கல்லூரி திறக்க மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளை கேட்டால் தாராளமாக அனுப்பலாம். என் அக்கா மகன், 17 வயது, மதுரையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்குப் போய் வந்தான். அவனுக்காக நான் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். முதல் படியை மட்டும் வேலை தேடத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

1. ஆதாரில் கைரேகையைப் புதுப்பியுங்கள்

சம்பளம் பிள்ளையின் கணக்கிலேயே விழுவது நல்லது. 10 வயது தாண்டிய பிள்ளைகள் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே இயக்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும்.

எங்களுக்கு முட்டுக்கட்டை வந்தது இங்கேதான். வங்கியில் அந்தச் சின்ன கைரேகைக் கருவியில் வலது கட்டைவிரலை வைத்தான். ஏற்கவில்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு இடது கட்டைவிரல், பிறகு ஆள்காட்டி விரல், ஒன்றும் நடக்கவில்லை. கவுண்டரில் இருந்த அம்மா, “தம்பி, பதினஞ்சு வயசுக்கு அப்புறம் ஆதார்ல கைரேகை புதுப்பிச்சியா?” என்று கேட்டார். விஷயம் அதுதான். குழந்தைகளுக்கு 5 வயதில் ஒரு முறையும் 15 வயதில் ஒரு முறையும் கைரேகை, கருவிழி, போட்டோ மூன்றையும் ஆதாரில் புதுப்பிக்க வேண்டும். இவனுக்கு இருந்ததோ ஒன்றாம் வகுப்பில் எடுத்த ரேகை. விரல் வளர்ந்துவிட்டதே, எப்படிப் பொருந்தும்?

ஆதார் சேவை மையத்திலும் சில தபால் நிலையங்கள், வங்கிக் கிளைகளிலும் இதைச் செய்கிறார்கள். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. புதுப்பித்த விவரம் பதிவாகச் சில நாட்கள் பிடிக்கும், அதனால்தான் முதலிலேயே செய்யச் சொல்கிறேன். போகிற போக்கில், ஆதாரில் இருக்கும் செல்போன் எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

2. நேரத்தைப் பேசுங்கள்

சம்பளத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 14 வயது முடிந்து 18 முடியாதவர்களைச் சட்டம் ‘வளரிளம் பருவத்தினர்’ என்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது இவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதன்படி தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் 1 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வு, காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. ஓவர்டைமும் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு.

நடைமுறை வேறு. முதலில் கேட்ட ஜவுளிக்கடையில், “பத்து மணிக்கு வரட்டும், ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்தினதும் போகட்டும்” என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். நோட்டுக் கடை அண்ணாச்சியிடம், “பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலை அண்ணாச்சி, பத்துல இருந்து நாலு வரைக்கும்தான் விட முடியும்” என்று நேராகவே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, கூட்டம் வர்ற நேரம்தானே, வரட்டும்” என்றார். கேட்டால் கிடைக்கிறது. கேட்காமல் விட்டால் இரவு பத்து மணிக்குத்தான் பிள்ளை வீட்டுக்கு வரும்.

3. எந்தக் கடை?

என் ஓட்டு, முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நடுத்தரக் கடைக்கு. பேசியதை மாற்றிச் சொல்ல நடுவில் ஆள் இருக்காது. மே கடைசியில் பள்ளி திறப்புக்கு முன்னால் நோட்டு, ஸ்டேஷனரி, ஸ்கூல் பேக் கடைகளில் கூடுதல் ஆள் தேவைப்படும். ஏப்ரலிலேயே போய்க் கேளுங்கள். கடைக்குள் ஸ்டூல் கிடக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர முன்பணம், டெபாசிட் கேட்கும் ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி’ விளம்பரங்களின் பக்கமே போக வேண்டாம்.

4. சம்பளமும் கடைசி நாளும்

எந்தத் தேதியோடு நிற்கப் போகிறான் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி, பத்தாம் தேதி என்றுதான் வரும். நடு மாதத்தில் நின்றால் அந்தப் பாக்கிக்காக நடக்க வேண்டியிருக்கும். “நிற்கிற அன்றைக்கே கணக்கு முடித்துவிட வேண்டும்” என்று பேசி, சம்பளம், நேரம், விடுமுறை, கடைசி நாள் நான்கையும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள். அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டால் போதும்.

வந்த நேரம், போன நேரம் குறிக்க ஆப் எதுவும் வேண்டாம். சட்டைப்பையில் அடங்கும் குட்டி நோட்டுதான் சிறந்தது. கடையில் வேலை நேரத்தில் போனை எடுத்தால் முகம் சுளிப்பார்கள், நோட்டை எடுத்தால் யாரும் கேட்பதில்லை.

5. ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்

“மார்க் ஷீட்டைக் குடுத்துட்டுப் போங்க, நிக்கும்போது வாங்கிக்கலாம்” என்பார்கள். கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. கலந்தாய்வு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் அதே மாதங்களில்தான் வரும். ஆதார் நகலும் போட்டோவும் போதும்.

வாசகர்கள் கேட்டதற்குப் பிறகு சேர்த்தது

வண்டி: “பக்கத்துத் தெருவில் டெலிவரி கொடுத்துட்டு வா” என்று கடை வண்டியின் சாவியை நீட்டுகிறார்களாம். லைசென்ஸ் இல்லாத பிள்ளை வாங்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சேரும்போதே “வண்டி ஓட்ட மாட்டான்” என்று சொல்லிவிடுங்கள்.

பட்டாசு ஆலை: லேபிள் ஒட்டுகிற வேலைதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். வெடிபொருள் புழங்கும் இடத்தில் 18 வயது முடியாதவர்களுக்கு எந்த வேலையும் கூடாது. அப்படி யாராவது பிள்ளைகளை வைத்து வேலை வாங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

வருமான வரி: பிள்ளை தன் உழைப்பால் சம்பாதித்ததைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டியதில்லை.

கணக்கு: “உன் அக்கவுன்ட்டுக்குக் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடு, உனக்குக் கமிஷன்” என்று யார் சொன்னாலும், கூட வேலை பார்க்கும் அண்ணனே சொன்னாலும், பிள்ளை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆன்லைன் மோசடிப் பணம் அப்படித்தான் கைமாறுகிறது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். பாஸ்புக்கை வாரம் ஒருமுறை பதிந்து, பிள்ளையோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.