எராஸ்மஸில் ஒரு செமஸ்டர்: நாமினேஷன் முதல் மதிப்பெண் ஏறும் வரை

எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் போய்ப் படித்துவிட்டு வந்து, அதே பாடங்களை இங்கே மறுபடி உட்கார்ந்து எழுதும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. விசா, டிக்கெட், பெட்டி கட்டுவது பற்றியெல்லாம் தேடினால் நிறையவே கிடைக்கும், அதனால் அவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். எனக்கு அதிகக் குடைச்சல் கொடுத்தது லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது அங்கே படிக்கும் பாடங்களை இங்கே எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று முன்பே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத் தாள். நான் போனது ஜெர்மனிக்கு, குளிர்கால செமஸ்டரில். வேறு நாட்டுக்குப் போனாலும் எராஸ்மஸ் தாள்கள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்.

1. முண்டுஸ் வேறு, எக்ஸ்சேஞ்ச் வேறு

எராஸ்மஸ் முண்டுஸ் என்பது முழு முதுகலைப் படிப்பு, அதற்கு நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம். எக்ஸ்சேஞ்ச் அப்படியில்லை. 1987இல் 11 நாடுகளோடு தொடங்கிய திட்டம் இது. இப்போது ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் பல்கலைகளிலிருந்தும் மாணவர்கள் போகலாம், ஆனால் உங்கள் பல்கலைக்கும் அங்குள்ள பல்கலைக்கும் நடுவே ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால்தான். ஆகவே பல்கலைகளின் இணையதளத்தைப் புரட்டுவதற்கு முன்னால் உங்கள் பல்கலையின் பன்னாட்டு உறவுகள் அலுவலகத்துக்குப் போய், "யார் யாரோடு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் என் துறைக்கு இடம் உண்டா?" என்று கேளுங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் குறிப்பிட்ட துறைகளுக்குத்தான் இருக்கும், இயந்திரவியலுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் பொருளியல் மாணவர் போக முடியாது.

எக்ஸ்சேஞ்ச் என்றால் அங்கே கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம் கிடையாது. காப்பீடு, மாணவர் சங்கம் போன்றவற்றுக்குச் சிறு தொகை கேட்கலாம், அது அங்குள்ள மாணவர்களும் கட்டுவதுதான். இங்குள்ள கட்டணத்தை நீங்கள் வழக்கம்போல் கட்டிக்கொண்டிருக்க நேரலாம், அதை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

2. நாமினேஷன்

உங்கள் பல்கலை உங்களைத் தேர்ந்தெடுத்து அங்குள்ள பல்கலைக்குப் பெயர் அனுப்புவது நாமினேஷன். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் நீங்கள் விண்ணப்பம் நிரப்புவீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு. இலையுதிர்காலத்தில் தொடங்கும் செமஸ்டருக்குப் பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் நாமினேஷன் முடிந்துவிடும், வசந்தகால செமஸ்டருக்கு அக்டோபர், நவம்பர். மொழித் தகுதி பி1 அல்லது பி2 (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நடுத்தர நிலைகள்) என்று கேட்பார்கள், சான்றிதழ் கையில் இல்லையென்றால் அதை இப்போதே தொடங்குங்கள்.

இன்னொன்று, கல்வி நாட்காட்டியைப் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும், தேர்வுகள் அதற்கும் பிறகு வரலாம். பின்லாந்தில் செப்டம்பரிலேயே வகுப்பு தொடங்கிவிடும். நீங்கள் திரும்ப வேண்டிய தேதியோடு எது பொருந்துகிறது என்று பார்த்துவிட்டுப் பல்கலையைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், பல்கலையின் தரவரிசையைவிட இந்த நாட்காட்டிக்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

3. லேர்னிங் அக்ரிமென்ட்

இதில் மூன்று கையெழுத்து வேண்டும்: நீங்கள், உங்கள் பல்கலை, அங்குள்ள பல்கலை. உள்ளே இரண்டு அட்டவணைகள். ஏ அட்டவணையில் அங்கே நீங்கள் படிக்கப்போகும் பாடங்கள், பி அட்டவணையில் அவற்றுக்கு ஈடாக இங்கே எந்தப் பாடங்களை முடித்ததாகக் கணக்கில் வைப்பார்கள் என்பது. ஏ அட்டவணையை எல்லாரும் ஆசையாக நிரப்புவார்கள். உங்கள் டிகிரி நிற்பது பி அட்டவணையில். அதில் "விருப்பப் பாடம்" என்று பொதுவாக எழுதி வைத்தால், திரும்பி வரும்போது துறைத் தலைவர் மாறியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். பாடக் குறியீடு, பாடத்தின் பெயர், கிரெடிட் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

கிரெடிட் கணக்குதான் ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்பும். ஐரோப்பியக் கணக்கான இசிடிஎஸ்ஸில் ஒரு முழு வருடத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பு மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. நம்மிடம் பெரும்பாலும் வகுப்பு நேரத்தை வைத்துத்தான் கிரெடிட். அதனால் 4 கிரெடிட் பாடமும் 4 இசிடிஎஸ் பாடமும் ஒன்றல்ல. சுலபமான வழி இது: உங்கள் பல்கலையில் ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்றால் 30ஐ 20ஆல் வகுத்தால் 1.5. அப்படியானால் இங்குள்ள 4 கிரெடிட் பாடத்துக்கு அங்கே 6 இசிடிஎஸ் பாடம் சமம். எங்கள் துறையில் முதலில் "4க்கு 4 போதும்" என்று ஒரு ஆசிரியரும், "6 இசிடிஎஸ் என்றால் எங்கள் 6 கிரெடிட்டா?" என்று இன்னொருவரும் கேட்டார்கள். இந்த வகுத்தல் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் எழுதியே காட்டுங்கள், வாயால் சொன்னால் நிற்காது.

பாடங்களைத் தேர்ந்தெடுக்க அந்தத் துறையின் மாட்யூல் ஹேண்ட்புக்கை (எல்லாப் பாடங்களின் விவரமும் உள்ள கையேடு) தேடி எடுங்கள், பிடிஎஃப்பாக இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு விஷயம் பாருங்கள்: எந்த மொழியில் நடக்கிறது, எந்த செமஸ்டரில் நடக்கிறது, முன்தகுதிப் பாடம் எது, தேர்வு எழுத்தா வாய்மொழியா. இரண்டாவது விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பட்டியலில் பாடம் இருக்கும், ஆனால் அது கோடைகால செமஸ்டரில் மட்டும் நடத்தப்படுவதாக இருக்கும்.

4. போய் இறங்கிய பின் பாடம் மாறினால்

மாறும். இதை எதிர்பார்த்தே போங்கள். நான் தேர்ந்தெடுத்திருந்த டேட்டாபேஸ் பாடமும் நெட்வொர்க் பாடமும் கால அட்டவணை வந்தபோது செவ்வாய்க்கிழமை ஒரே நேரத்தில் இருந்தன, கூடவே ஒரு செமினார் அந்த முறை நடக்கவே இல்லை. லேர்னிங் அக்ரிமென்டில் இதற்கென்றே மாற்ற அட்டவணைகள் உண்டு. எதை நீக்குகிறோம், எதைச் சேர்க்கிறோம், ஏன் என்று குறித்து மறுபடி மூவரும் கையெழுத்திட வேண்டும். செமஸ்டர் தொடங்கி ஐந்து வாரத்துக்குள் மாற்றத்தைக் கேட்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி, கேட்ட இரண்டு வாரத்துக்குள் இரு பல்கலைகளும் முடிவு சொல்ல வேண்டும். உள்ளூர்க் கெடு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் தேவைக்கு மேல் பாடங்களில் போய் உட்கார்ந்தேன். கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் மாற்றுப் பாடங்கள் சிலவற்றுக்கும் சேர்த்தே, "இதற்கு ஈடாக இதை ஏற்கலாம்" என்று மின்னஞ்சல் வாங்கி வைத்திருந்தேன். அதனால் மாற்றம் வந்தபோது புதிதாக யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை, பழைய மின்னஞ்சலையே மேற்கோள் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை எனக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு வரிசைக்கு ஒரு பாடம்; அங்குள்ள குறியீடு, இசிடிஎஸ், இங்குள்ள குறியீடு, யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதி. நோட்ஸ் ஆப்களில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், தேடும்போது கிடைக்காது. இரு பல்கலைகளிலும் எக்ஸ்சேஞ்சைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர்களை ஒரே மின்னஞ்சல் தொடரில் வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த சம்மதத்தையும் மின்னஞ்சலில் எழுதி உறுதி கேளுங்கள். கையெழுத்தான தாளைப் போனில் படம் பிடிக்காமல் ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக வைத்து, பெயரில் தேதியைச் சேருங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று பெயர் வைத்தால் எது கடைசி என்று ஒரு மாதத்தில் தெரியாமல் போய்விடும்.

5. விசாவும் உதவித்தொகையும், சுருக்கமாக

90 நாளுக்கு மேல் தங்கினால் குறுகியகால ஷெங்கன் விசா போதாது, அந்த நாட்டின் தேசிய விசா வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நேரம் எடுக்கலாம், அனுமதிக் கடிதம் வந்த அன்றே தூதரக நேரம் பதிவு செய்யுங்கள். எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதத் தொகையோடு பயணத்துக்கும் தருவார்கள், அது டிக்கெட் விலையை வைத்து அல்ல, இரு ஊர்களுக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்து. பல இடங்களில் முதல் தவணை போய் இறங்கிய பின்தான் வரும், முதல் மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வந்த தேதி, கிளம்பிய தேதி இரண்டுக்கும் சான்றிதழ் வாங்க வேண்டும். தொகையை நாள் கணக்கில்தான் போடுகிறார்கள், முழுதாகாத மாதத்துக்கு ஒரு நாளுக்கு மாதத் தொகையில் முப்பதில் ஒரு பங்கு. ஆகவே அலுவலகம் மூடியிருக்கும் நாளில் கிளம்பாதீர்கள்.

6. வகுப்பும் மனிதர்களும்

ஜெர்மன் கால அட்டவணையில் "10 சி.டி." என்று போட்டிருந்தால் வகுப்பு 10:15க்குத் தொடங்கும், "எஸ்.டி." என்றால் சரியாகப் பத்துக்கு. வாய்மொழித் தேர்வு பெரும்பாலும் இரண்டாவது வகை, அதைக் கவனியுங்கள். அப்புறம், வகுப்பில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல பல்கலைகளில் தேர்வுக்குத் தனிப் பதிவு, தனிக் கெடு. தேர்வு உங்கள் ஊர் திரும்பும் தேதிக்குப் பின் விழுந்தால் பேராசிரியரிடம் ஆரம்பத்திலேயே போய், வாய்மொழித் தேர்வாக முன்னதாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். பணிவாகவும் நேராகவும் கேட்டால் பலர் உதவுகிறார்கள்.

இதை ஒரு கட்டம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் மொழி பேசுகிறவர்களோடு மட்டும் இருந்துவிட்டால் நாலைந்து மாதம் சட்டென்று கரைந்துபோகும். புது மாணவருக்கு உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடும் "பட்டி" (buddy) திட்டத்துக்குப் பெயர் கொடுங்கள், எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் உள்ளூர்க் கிளையைத் தேடுங்கள். நான் மிகவும் பரிந்துரைப்பது டாண்டெம், அதாவது இருவர் ஒருவருக்கொருவர் மொழி கற்றுக்கொடுப்பது: ஒரு மணி நேரம் அவர் மொழி, ஒரு மணி நேரம் நம் மொழி. என்னோடு டாண்டெமில் இருந்தவர் "ழ"வுக்காக வாரக்கணக்கில் போராடினார், நான் ஜெர்மன் உம்லாட்டுக்காக (மேலே இரு புள்ளி வைத்த ä, ö, ü எழுத்துகள்) போராடினேன். அந்த நட்பு இன்னும் தொடர்கிறது.

7. மதிப்பெண் ஏறும் வரை

முடிவுகள் வெளியாகி வழக்கமாக ஐந்து வாரத்துக்குள் அங்குள்ள பல்கலை டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) அனுப்ப வேண்டும். உங்களுக்கும் ஒரு நகல் கேளுங்கள். கூடவே மதிப்பெண் அளவுகோலின் விளக்கத்தையும் கேளுங்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சிக்கான கடைசி எல்லை. இத்தாலியில் 30க்கு 18 வாங்கினால் தேர்ச்சி, பிரான்சில் 20க்கு 10. விளக்கம் இல்லாமல் 1.3 என்று மட்டும் தாளில் இருந்தால், இங்கே பதிவு செய்கிறவர் அதைக் குறைந்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

பிறகு சேர்த்தவை

படித்தவர்கள் சிலர் பெயர் பற்றிக் கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாத் தாள்களிலும் எழுதுங்கள், ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, விண்ணப்பமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகரவில்லை என்றால், நீங்களாக எதையும் போடாமல் அங்குள்ள கோஆர்டினேட்டரிடம் கேட்டு, அவர் சொன்னதையே கடைசி வரை பயன்படுத்துங்கள்.

இன்னொருவர் கேட்டது: ஒரு பாடத்தில் தோற்றால் என்ன ஆகும்? மற்ற பாடங்களின் கிரெடிட் அப்படியே சேரும். தோற்ற பாடத்துக்கு மறுதேர்வை அங்கே போய்த்தான் எழுத வேண்டுமா, இங்கே எழுதலாமா என்பது உங்கள் துறையின் விதியைப் பொறுத்தது. பி அட்டவணையில் கையெழுத்து வாங்கும்போதே இந்தக் கேள்வியையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.