வீட்டில் கழுவிய கலர் பிலிமில் கோளாறா? முதலில் ஓர எழுத்தைப் பாருங்கள்

நெகட்டிவ் சரியில்லை என்று தோன்றினால் ஸ்கேனரை நம்பி முடிவுக்கு வராதீர்கள். அது நிறத்தைத் தானே திருத்திக் கோளாறை மறைத்துவிடும். பிலிமை வெள்ளை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் உள்ள பெயரையும் பிரேம் எண்களையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

எழுத்து தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால், டெவலப்பர் (படத்தைத் தோன்றவைக்கும் கரைசல்) வேலை செய்திருக்கிறது. பிலிம் கேமராவில் நகராமல் போயிருக்கும், அல்லது ஷட்டர் திறந்திருக்காது. எழுத்தும் இல்லையென்றால் டெவலப்பர் கெட்டுப்போயிருக்கும், அல்லது பிளிக்ஸை (ப்ளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த, வெள்ளியை நீக்கும் அடுத்த கரைசல்) முதலில் ஊற்றியிருப்பீர்கள். அந்த ரோலை மீட்க வழியில்லை. எழுத்து திடமாக, படம் மட்டும் வெளிறியிருந்தால் எக்ஸ்போஷர், அதாவது கேமராவில் பிலிமுக்குக் கிடைத்த வெளிச்சம், குறைவு. இரண்டுமே வெளிறியிருந்தால் டெவலப்பிங் குறைவு.

கலர் நெகட்டிவ் கழுவும் முறையான சி-41-இன் டெவலப்பருக்கு 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 விநாடி. கோடாக் அனுமதிக்கும் வித்தியாசம் 0.15 டிகிரிதான். காரணம், மூன்று நிற அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சூடு குறைந்தால் அவை ஒரே அளவில் வளராது. நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் வேறொரு நிறத்துக்கும் சாயும். ஸ்கேனில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஆறிய டாங்கில் (பிலிமை வைத்துக் கழுவும் மூடிய பாத்திரம்) ஊற்றியதுமே சூடு இறங்கிவிடும் என்பதால், டாங்கை 39 டிகிரி தண்ணீரால் ஒரு நிமிடம் நனைத்துக் கொட்டிவிட்டு டெவலப்பரை ஊற்றுங்கள். உங்கள் தெர்மாமீட்டரில் சந்தேகமா? காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். அது துல்லியமாக அளக்க வேண்டிய சூட்டு எல்லையே இதுதான்.

பிலிம் பால்போல மங்கியிருந்தாலோ, அழுக்கேறியதுபோல அடர்ந்து நிறம் செத்திருந்தாலோ பயப்படாதீர்கள். முன்னதில் சில்வர் ஹாலைடு (பிலிமில் ஒளியை உணரும் வெள்ளி உப்பு) கரையாமல் நிற்கிறது. பின்னதில் வெள்ளி தங்கிவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: புதிய பிளிக்ஸில், 38 டிகிரியில், 8 நிமிடம் மறுபடி போடுங்கள். விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம். பிறகு நன்றாகக் கழுவி, கடைசிக் கரைசலான ஸ்டெபிலைசரில் மீண்டும் முக்குங்கள். பிளிக்ஸ் வாயு விடும். முதல் சில குலுக்கலுக்குப் பின் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடாவிட்டால் டாங்க் ஒழுகும்.

பிளிக்ஸில் நேர்ந்த குறையை இப்படிச் சரிசெய்யலாம். ஆனால் டெவலப்பரில் சில துளி பிளிக்ஸ் விழுந்தால் அது மன்னிக்கவே மன்னிக்காது. இரண்டுக்கும் தனித்தனி புனலும் அளவுக் குவளையும் வையுங்கள். ஒவ்வொரு ரோலுக்குப் பின்னும் டாங்குக்குள் பிலிமைச் சுற்றிவைக்கும் ரீலைச் சுடுநீரில் அலசுங்கள். டெவலப்பர் கறுத்த டீ நிறத்துக்கு மாறியிருந்தால் காற்றுப் பட்டுவிட்டது. முக்கியமான ரோலை அதில் போடாதீர்கள்.

பிலிம் ஓரத் துளைகளிலிருந்து கோடு கோடாக நிறம் அடர்ந்தால் குலுக்கல் முரட்டுத்தனமாக இருந்திருக்கிறது. பிறை வடிவத் தடம் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியதால் வருவது. இரண்டுக்கும் பரிகாரம் இல்லை. உப்புத் தண்ணீர்க் கறைக்கு உண்டு: ஸ்டெபிலைசரைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள், அதற்குப்பின் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள்.

பின்பக்கம் கரிய ரெம்ஜெட் பூச்சுள்ள சினிமா பிலிமை அப்படியே இந்தக் கரைசலில் போடாதீர்கள். பூச்சு உதிர்ந்து படத்தில் ஒட்டும், அடுத்த ரோல்களையும் கெடுக்கும். முதலில் வெதுவெதுப்பான சலவைச் சோடாக் கரைசலை ஊற்றிக் குலுக்குங்கள். பிறகு வெளியே கொட்டும் தண்ணீரில் கருமை வராமல் போகும்வரை அலசுங்கள்.