வாடிக்கையாளரின் பென்டிரைவைத் தனி மெய்நிகர் கணினியில் திறக்கும் முறை

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களில், சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான நகல்களைப் பென்டிரைவில் கொண்டுவரும் விவசாயிகளுக்குப் பிரின்ட் எடுத்துத் தரும் கணினியிலேயே ஜெராக்ஸ் கடைக்காரர் தம் வங்கிக் கணக்கையும் திறக்கிறார். பென்டிரைவில் வைரஸ் இருந்தால் அது வங்கிக் கணக்கையும் எட்டிவிடலாம். இவ்விரு வேலைகளையும் பிரிப்பதற்கு இன்னொரு கணினி வாங்க வேண்டியதில்லை. 8 ஜிபி ராம் இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, வாடிக்கையாளர் வேலைக்கென்றே 3 ஜிபி ராம் ஒதுக்கி ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது கணினிக்குள் தனியாக இயங்கும் இன்னொரு கணினியை, அமைத்துக்கொள்ளலாம்.

எது உள்ளே, எது வெளியே என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மூலக் கணினியில், அதாவது கடையிலுள்ள உண்மையான கணினியில், புகுந்த வைரஸ், அதற்குள் இயங்கும் மெய்நிகர் கணினியின் நினைவகத்தையும் திரையையும் தட்டச்சையும் பார்க்க முடியும் என்பதால், வங்கி வேலையை உள்ளே வைத்துவிட்டுக் கண்ட கோப்புகளை வெளியே திறப்பது தலைகீழான ஏற்பாடாகும். நம்பகமில்லாதது எப்போதும் உள்ளேதான் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம், பென்டிரைவைச் செருகும் அந்த நொடி. முன்னேற்பாடு இல்லையென்றால் அதை முதலில் திறப்பது மூலக் கணினியே. ஆகவே மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் யூஎஸ்பி பகுதிக்குச் சென்று, எந்த விவரமும் நிரப்பாத வடிகட்டி (எந்தச் சாதனம் உள்ளே செல்ல வேண்டும் என்று சொல்லும் விதி) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். மெய்நிகர் கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் புதிதாகச் செருகப்படும் சாதனம் நேராக அதற்குள் சென்றுவிடும். காலையில் கடை திறந்ததும் அதை இயக்கிவிட்டுத்தான் பென்டிரைவை வாங்க வேண்டும். யூஎஸ்பி பிரின்டரையும் இப்படியே உள்ளே இணைத்துவிட்டால், அச்சிடுவதற்காகக் கோப்பை வெளியே கொண்டுவரும் தேவையே எழாது.

கரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் மதகு திறந்திருந்தால் தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும். ஒன்றில் நகலெடுத்ததை மற்றொன்றில் ஒட்ட உதவும் பொது கிளிப்போர்டு, கோப்பை இழுத்துப் போடும் வசதி, இரண்டுக்கும் பகிர்ந்த கோப்புறை ஆகிய மூன்றும் அத்தகைய மதகுகளே. மூன்றையும் மூடியே வையுங்கள். மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அட்டையையும் அணைத்துவிடுங்கள். மின்னஞ்சலில் வந்த கோப்பை இறக்க வேண்டியிருந்தால் மட்டும், மூலக் கணினியின் இணைப்பு வழியாகவே இணையத்துக்குச் செல்லும் நேட் (NAT) முறையில் இணைக்கலாம். ஆனால் அம்முறையிலும் உள்ளிருந்து கடையின் மற்றக் கணினிகளைத் தொட முடியும் என்பதால், வேலை முடிந்ததும் துண்டித்துவிட வேண்டும்.

மெய்நிகர் கணினியை மூலக் கணினியிலிருந்து பிரிக்கும் சுவரிலேயே ஓட்டை விழுவதும் உண்டு. 2015இல் வெளிப்பட்ட வெனம் என்ற குறை, மெய்நிகர் கணினி மென்பொருள்களில், யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவுக்கான நிரலில் இருந்தது. அது விர்ச்சுவல்பாக்ஸையும் பாதித்தது. 2018இல் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைகளோ பிராசஸரிலேயே இருந்தன. இவற்றுக்கெதிராக நம்மால் செய்யக்கூடியது, விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ், பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) ஆகியவற்றை உடனுக்குடன் புதுப்பிப்பதும், வங்கிப் பக்கத்தைத் திறக்குமுன் மெய்நிகர் கணினியை முழுவதுமாக நிறுத்திவிடுவதுமே.

எல்லாம் அமைத்த பின், ஒரு பென்டிரைவும் செருகாத நிலையிலேயே ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் கணினியின் அந்நேர நிலையின் பதிவு) ஒன்றை எடுத்து வைத்து, இரவு கடை மூடும்போது அந்நிலைக்கே திரும்புங்கள். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் விண்டோஸைப் புதுப்பிக்கும் நாளில், பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய பிறகே புதுப்பித்து, அன்றைய முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் புதிய ஸ்னாப்ஷாட்டை எடுத்துவிட வேண்டும்.