அசல் ரசீதைக் கைவிடாதீர்கள்

எங்களிடம் டெபாசிட் போட்டால் மாதம் 3 சதவீத வட்டி என்று சில நிறுவனங்கள் ஆசை காட்டும். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36. எந்த நேர்மையான தொழிலும் அதை வருடக்கணக்கில் தராது. ஆனாலும் அல்சூரில் எங்கள் தெரு அக்கா ஒருவர், முதல் நான்கு மாதம் வட்டி ஒழுங்காக வந்ததால் நகையை அடகு வைத்து மேலும் போட்டார். அந்த வட்டி பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம்தான். 2019-இல் சிவாஜிநகரில் ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனம் மூடியபோது பெங்களூரே இதைப் பார்த்தது.

பணம் போடுமுன் ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். ஜி.எஸ்.டி. எண் இருப்பது டெபாசிட் வாங்கும் அனுமதி ஆகாது.

சரி, மாட்டிக்கொண்டால்? "பழைய ரசீதைக் கொடுங்கள், புதுப் பத்திரம் தருகிறோம்" என்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். கைமாற்றுக் கடன் என்று எழுதிய முத்திரைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் நகலெடுத்து, உடனே போலீசில் எழுத்துப் புகார் கொடுங்கள். கர்நாடகாவில் 2004-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்றுப் பங்கிட முடியும். வருடங்கள் ஆகலாம், முழுத்தொகை வராமலும் போகலாம். ஆன்லைன் மோசடி என்றால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அப்புறம், முன்பணம் கேட்டு "மீட்டுத் தருகிறேன்" என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.