ரெண்டு மோட்டார் மாடல் விமானம்: முதலில் ஒயரிங்

கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாடல் விமானம் விடுவேன். ஒற்றை மோட்டாரில் கை பழகியவர்கள் ரெண்டு மோட்டாருக்கு மாறும்போது இறக்கையைப் பற்றியே கேட்கிறார்கள். இறக்கை சன்பேக் ஷீட்டில் (விளம்பரப் பலகைக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டை) வெட்டினாலும் பறக்குமுங்க. ஒயரிங்கைப் பாருங்கள்.

ரெண்டு மோட்டாரும் ஒரே ரகமாக இருக்கட்டும். ஒன்றுக்கு ஒரு ஈஎஸ்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் கண்ட்ரோலர். ரெண்டுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து பேரலலாக லைன். மோட்டார் ஒன்று 12 ஆம்பியர் இழுத்தால் மொத்தம் 24. 2200 எம்ஏஹெச், 25சி பேட்டரி கணக்குப்படி (2.2 x 25) 55 ஆம்பியர் வரை கொடுக்கும், தாராளம்.

ஈஎஸ்சிகளின் சிக்னல் ஒயர்கள், ரெண்டை ஒன்றாகச் சேர்க்கும் ஒய் கேபிள் வழியாக, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் திராட்டில் (மோட்டார் வேகம்) சேனலுக்குப் போகும். இங்கேதான் பலரும் கோட்டை விடுவது. சாதாரண ஈஎஸ்சி ஒவ்வொன்றும் ரிசீவருக்கு 5 வோல்ட் அனுப்பும். ரெண்டும் ஒரே சமயத்தில் அனுப்பினால் சுமை சமமாகப் பிரியாது, ஒன்று கொதிக்கும். அதனால் ஒரு ஈஎஸ்சியின் பிளக்கில் நடுவிலிருக்கும் சிவப்பு ஒயரை ஊசியால் நெம்பி உருவி, டேப் சுற்றிவிடுங்கள். வெட்டிவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் காலிபரேஷன், அதாவது ஸ்டிக்கின் மேல், கீழ் எல்லையை ஈஎஸ்சிக்குச் சொல்லிக்கொடுப்பது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரெண்டு ஈஎஸ்சிக்கும் சேர்த்தே செய்யுங்கள்: ரிமோட்டின் திராட்டில் ஸ்டிக்கை முழுக்க மேலே வைத்து பேட்டரியைக் கொடுத்து, பீப் கேட்டதும் கீழே இறக்குவது. பிறகு ஸ்டிக்கை மெல்ல ஏற்றினால் ரெண்டும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும்.

ப்ரொப்பெல்லர் ஒன்று வலம், ஒன்று இடம் சுற்றுவது நல்லது. முறுக்கு விசை ஒன்றையொன்று தின்றுவிடும். பைப்பர் செனகா விமானத்திலும் இதே ஏற்பாடுதான். திசை மாற்ற, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஏதாவது ரெண்டை மாற்றிப் போடுங்கள். த்ரீ ஃபேஸ் கிணற்று மோட்டாருக்குச் செய்கிற அதே வேலை.

பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றால் மூக்கு நின்ற பக்கமாகத் திரும்பும். பயத்தில் திராட்டிலை ஏற்றினால் கவிழ்ந்துவிடும். பூஜ்யத்துக்கு இறக்கி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, சறுக்கி இறக்குங்கள். நிஜ விமானத்தில் பைலட் ஓடுகிற என்ஜின் பக்கம் ரட்டரை (வால் சுக்கான்) மிதித்துச் சமாளிப்பார். அதற்கும் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு, வேகமானியில் சிவப்புக் கோடாகவே போட்டிருக்கும். கீழே நிற்கும் நமக்கு அந்தக் கோடு தெரியாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது முதல் பறப்பு வேண்டாம். பீளமேடு, சூலூர் விமான தளங்களை ஒட்டி விடக் கூடாது. ட்ரோன் விடக்கூடிய இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.