எள்ளுப்பொடி டான்டான்மென்: கொடைக்கானல் குளிருக்கு ஒரு காரமான நூடுல்ஸ்

பாக்கெட்டுல "6 நிமிஷம் வேக வைக்கவும்"னு போட்டிருந்தா கொடைக்கானல்ல அத அப்படியே நம்பாதீங்க. நாம இருக்கறது கடல் மட்டத்துல இருந்து சுமார் 2100 மீட்டர் உயரத்துல, இங்க தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும், அதுக்கு மேல எவ்வளவு தீய கூட்டினாலும் சூடு ஏறாது, அதனால தளதளன்னு கொதிக்கறத பாத்து வெந்திருச்சுன்னு வடிச்சிட்டா நடுவுல மாவு மாவா கடிபடும். பருப்பு வேக இங்க குக்கர் இல்லாம ஆகாதுன்னு சொல்றோமே, அதே காரணம்தான். இத மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

டான்டான்மென் முதல்ல சீனாவோட சிச்சுவான் பக்கத்து நூடுல்ஸ். ஜப்பானுக்கு போயி செட்டிலான சென் கென்மின்ங்கற சமையல்காரர் அதுல காரத்த கொஞ்சம் கொறச்சு, எள்ளு விழுதும் சூப்பும் சேர்த்து அந்த ஊர் ஆளுங்களுக்கு பிடிச்ச மாதிரி மாத்தினாரு. எள்ள வறுத்து அரைக்கறாங்க, மிளகாய் எண்ணெய் ஊத்தறாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம வீட்டு எள்ளுப்பொடிதான். இட்லிக்கு பொடி போட்டு குழிச்சு நல்லெண்ணெய் ஊத்தறோம்ல, அதே ஜோடி. அங்க கொத்துக்கறி போடுவாங்க, நாம சோயாவும் காளானும் போடப்போறோம். கொறச்ச காரத்த நம்ம மிளகும் மலைப்பூண்டும் திருப்பி கொண்டு வந்துரும்.

ரெண்டு பேருக்கு என்னென்ன வேணும்

காஞ்ச ஷிடாகே காளான் 6, வெள்ளை எள்ளு 4 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், மிசோ 1 டேபிள்ஸ்பூன், இனிப்பு போடாத சோயா பால் 1 கப், மெல்லிசு ஸ்பகெட்டி 160 கிராம், பொடி சைஸ் மீல்மேக்கர் அரை கப், மலைப்பூண்டு 10 பல்லு, இஞ்சி ஒரு துண்டு, வரமிளகாய் 6, மிளகு 1 டீஸ்பூன், நல்லெண்ணெய் 7 டேபிள்ஸ்பூன், ஆப்ப சோடா, கறிவேப்பிலை, வெங்காயத்தாள், முளைகட்டின பச்சைப்பயறு ஒரு கைப்பிடி, ஒரு கட்டு பாலக்கீரை, பாதி எலுமிச்சம்பழம், துளி வெல்லம்.

மிசோங்கறது சோயாவ உப்பும் கோஜியும் (பூஞ்சை பிடிக்க வச்ச அரிசி மாதிரி தானியம்) சேர்த்து புளிக்க வச்ச விழுது, ஆன்லைன்ல கிடைக்குது. சைவம் சாப்பிடறவங்க லேபிள கட்டாயம் படிங்க, தாஷி, அதாவது ஜப்பான் சூப்புத் தண்ணி, கலந்ததுன்னு இருந்தா பெரும்பாலும் அதுல மீன் இருக்கும்.

முந்தின நாள் ராத்திரி: காளான் ஊறணும்

600 மில்லி பச்சத்தண்ணியில காளான போட்டு மூடி வச்சிருங்க. கீழ மதுரையிலயோ திண்டுக்கல்லயோ இருந்தா ஃபிரிட்ஜ்ல வைக்கணும், நமக்கு குளிர் ராத்திரியில அடுப்படி மேடையே போதும். அவசரத்துல சுடுதண்ணி ஊத்தாதீங்க, மெதுவா ஊறினாதான் ருசி நல்லா எறங்கும். 1908ல கிகுனாயே இகேடாங்கற ஜப்பான் விஞ்ஞானி கொம்பு கடல்பாசியில இருந்து குளூட்டமேட்டுங்கற ருசிப்பொருள பிரிச்சு எடுத்து அந்த ருசிக்கு உமாமின்னு பேர் வச்சாரு, 1957ல அகிரா குனினாகா ஷிடாகேல குவானிலேட்னு ஒண்ணு இருக்கறதையும் அது குளூட்டமேட்டோட சேர்ந்தா ருசி பல மடங்கு ஏறுதுங்கறதையும் கண்டுபிடிச்சாரு. இங்க மிசோவும் சோயா சாஸும் ஒரு பக்கம், காளான் தண்ணி இன்னொரு பக்கம், ரெண்டும் கிண்ணத்துல சேருது. கறி எலும்பு எதுவும் இல்லாம சூப்பு அவ்வளவு கனமா இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

எள்ளு விழுது

இந்த சாப்பாட்டோட உயிரே இங்கதான் இருக்கு, பொறுமையா செய்ங்க. அடிகனமான வாணலியில எண்ணெய் இல்லாம சின்ன தீயில எள்ள போட்டு கிளறிக்கிட்டே இருங்க. மொதல்ல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் ஒண்ணு ரெண்டா வெடிச்சு துள்ள ஆரம்பிக்கும், நிறம் வெளிறின சந்தனத்துல இருந்து பொன்னா மாறும், ரெண்டு எள்ள விரல்ல வச்சு நசுக்கினா எண்ணெய் ஒட்டி மணக்கும், அந்த நிமிஷமே தட்டுல கொட்டிருங்க. வாணலியிலயே விட்டீங்கன்னா அடுப்ப அணைச்சப்புறமும் வறுபட்டுக்கிட்டே இருக்கும், ஒரு தடவ அப்படி விட்டு மொத்த சூப்பும் கசந்துபோயி கீழ கொட்டியிருக்கேன்.

நம்ம செக்கு நல்லெண்ணெய் பச்சை எள்ளுல ஆட்டினது, ஜப்பான்ல இதுக்கு ஊத்தறது வறுத்த எள்ளு எண்ணெய். அதனாலதான் நமக்கு வறுவல் வாசனை முழுக்க எள்ளுல இருந்தே வரணும்.

ஆறினதும் மிக்ஸியில விட்டு விட்டு அரைச்சு, 1 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு விழுதாக்குங்க. அதோட மிசோவும் 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸும் கலந்து ரெண்டு கிண்ணத்தோட அடியில பாதி பாதியா போட்டு வச்சிருங்க. சூப்பு கிண்ணத்துக்கு வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்.

பூண்டு மிளகாய் எண்ணெய்

பூம்பாறை பக்கத்து மலைப்பூண்டு கிடைச்சா அதையே போடுங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சது, ஒரு பல்ல நறுக்கினாலே கை ரொம்ப நேரம் மணக்கும். கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்து மரங்கள்ல ஏத்திவிட்ட மிளகுக்கொடியில வர்ற மிளகு நம்மூர் கடையிலயே கிடைக்கும், அதுல ஒரு ஸ்பூன ஒண்ணு ரெண்டா இடிச்சுக்கோங்க, வரமிளகாயையும் கொரகொரன்னு இடிச்சு ரெண்டையும் ஒரு சில்வர் கிண்ணத்துல போட்டு வைங்க.

5 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய்ல மெல்லிசா சீவின பூண்ட சின்ன தீயில போடுங்க. வைக்கோல் நிறம் வந்ததும் பூண்ட எடுத்துருங்க, செவக்கட்டும்னு காத்திருந்தா கருகிரும். அப்புறம் எண்ணெய்ல ஒரு கறிவேப்பிலைய போட்டு பாருங்க, படபடன்னு பொரியணும் ஆனா எண்ணெய் புகையக்கூடாது. மிச்ச கறிவேப்பிலையையும் போட்டு பொரிச்சு, எண்ணெயோட அப்படியே மிளகாய் மேல ஊத்துங்க. சொர்ருன்னு ஒரு சத்தம் வரும், மூக்குல ஏறும், ஜன்னல தொறந்து வைங்க. எங்க பக்கத்து வீட்டு அக்கா இந்த வாசனைக்கு "என்ன பாப்பா, இன்னைக்கு ரசம் தாளிப்பா?"ன்னு சுவருக்கு அந்த பக்கம் இருந்தே கேட்டாங்க. ராமென்ங்கற ஜப்பான் நூடுல்ஸ் சூப்பு வகையிலயும் கடைசியா ஒரு வாசனை எண்ணெய் ஊத்தறது வழக்கம், அது நம்ம தாளிப்பு செய்யற வேலையத்தான் செய்யுது.

மீல்மேக்கர் கொத்து

இது சுலபம். சுடுதண்ணியில 10 நிமிஷம் ஊறவச்சு ஒட்டப் பிழிஞ்சு, ஊறின காளான பொடியா நறுக்கி, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல துருவின இஞ்சியோட வதக்கி, மிச்ச சோயா சாஸும் வெல்லமும் போட்டு ஈரம் வத்துற வரைக்கும் கிளறுங்க.

நூடுல்ஸ்

ராமென் நூடுல்ஸ் மஞ்சளா, இழுத்தா ரப்பர் மாதிரி இருக்கறதுக்கு மாவுல கான்சுய்னு ஒரு உப்பு சேர்ப்பாங்க, நம்ம அப்பளக்காரம் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஸ்பகெட்டி வேகுற தண்ணியில லிட்டருக்கு 2 டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டா கிட்டத்தட்ட அந்த பதம் வந்துரும். பெரிய பாத்திரம் வைங்க, சோடா போட்ட உடனே நுரை பொங்கும். பாக்கெட்ல போட்ட நேரம் முடிஞ்சதும் ஒரு இழைய கடிச்சு பாருங்க, எனக்கு இங்க இன்னும் 2, 3 நிமிஷம் ஆகுது. நடுவுல வெள்ளை புள்ளி போனதும் வடிச்சு சுடுதண்ணியில அலசிருங்க, இல்லன்னா சோடா வாடை நிக்கும். அதுக்கு முன்னாடி பயறையும் கீரையையும் வேற கொதிதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து வச்சுக்கோங்க.

சூப்பும் சேர்க்கறதும்

நூடுல்ஸ் வேகும்போதே பக்கத்து அடுப்புல காளான் தண்ணிய வடிகட்டி ஊத்தி 5 நிமிஷம் கொதிக்க விட்டு, தீய கொறச்சு சோயா பால ஊத்துங்க. ஓரத்துல சின்ன சின்ன குமிழி வந்ததும் அணைச்சிருங்க, கொதிச்சா திரிஞ்சிரும். தேங்காய்ப்பால் ஊத்தலாமான்னு கேப்பீங்க, நான் வேணாம்னுதான் சொல்வேன், அது சொதி பக்கம் இழுத்துட்டு போயிரும், எள்ளு வாசனை அடங்கிரும்.

எள்ளு விழுது மேல மொதல்ல ஒரு கரண்டி சூப்பு மட்டும் விட்டு கட்டி இல்லாம கரைங்க, அப்புறம் மிச்சத்த ஊத்துங்க. மிசோவ அடுப்புல வச்சு கொதிக்க விட்டா மணம் போயிரும், அதான் கிண்ணத்துலயே கரைக்கறோம். உப்பு, எலுமிச்சை பாத்து போட்டு நூடுல்ஸ போடுங்க, மேல கொத்து, பயறு, கீரை, வெங்காயத்தாள், எடுத்து வச்ச பூண்டு சீவல், கடைசியா செவப்பு எண்ணெய் ரெண்டு ஸ்பூன், அடியில நிக்கற மிளகாய் வண்டலையும் சேர்த்து அள்ளி விடுங்க.

போட்ட உடனே சாப்பிடணும், அஞ்சு நிமிஷம் விட்டாலே நூடுல்ஸ் சூப்ப குடிச்சு ஊதிரும். மிச்ச எண்ணெய ஃபிரிட்ஜ்ல வைங்க, காலையில தோசைக்கு ஆகும்.