படித்ததும் புத்தகத்தை மூடுங்கள்

பாடத்தை ஒருமுறை படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் பாருங்கள்.

நினைவிலிருந்து தேடி எடுக்கும் அந்தச் சிரமமே நினைவைப் பலப்படுத்துகிறது. திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போய், எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற பிரமைதான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, இரண்டு முறை படித்தவர்களுக்குச் சுமார் 42 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்து ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. இத்தனைக்கும் எழுதியவர்களுக்கு விடை சரியா என்றுகூடச் சொல்லவில்லை!

ஆனால் தேர்வு அறை வாசலில் நிற்கும்போது இது வேண்டாம். அதே சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். பாடமே புரியவில்லை என்றாலும் பயனில்லை. முதலில் யாரிடமாவது கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். எழுதியதைச் சரிபார்க்காமல் விட்டால் தவறான விடையும் மனதில் ஒட்டிக்கொள்ளலாம்.